துரையைக் கூப்பிட்ட நாள்

ஜனக்புரியில் எங்கள் பிளாக்கில் எனக்கு ‘பந்தர்வாலி ஆன்ட்டி’, அதாவது குரங்குக்கார ஆன்ட்டி, என்று பெயர். பால்கனியில் குரங்கு வந்து உட்கார்ந்தால் கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் எனக்குத்தான் போன் செய்வார். “ஆன்ட்டிஜி, ஜல்தி ஆயியே!” என்று அவசரப்படுத்துவார். நானும் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். குரங்கு பல்லைக் காட்டும். நான் கதவைச் சாத்திக்கொள்வேன். ஜெர்மனியில் ஆயுசில் பாதியைக் கொரில்லாக்களோடு கழித்தவள் டெல்லிக் குரங்குக்குப் பயப்படுகிறாளே என்று அந்த அம்மாளுக்குத் தீராத ஆச்சரியம். கொரில்லா வேறு, இது வேறு என்று எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கிப் பார்த்தேன். “ஹை தோ பந்தர் ஹீ நா”, என்னவானாலும் குரங்குதானே, என்று முடித்துவிட்டார்.

இங்குள்ள தமிழர்கள் ஆண்டுதோறும் ஒரு மலர் போடுகிறார்கள். அதன் ஆசிரியர், பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர், போன மாதம் வீட்டுக்கே வந்துவிட்டார். “மேடம், இந்த மாதிரி வேலை பாத்தவங்க நம்ம ஆளுங்கள்ல நீங்க ஒருத்தர்தான். அனுபவத்தை எழுதிக் குடுங்க. கடைசில பசங்களுக்கு ஒரு படிப்பினை வந்துட்டா போதும்” என்றார். படிப்பினை தேடித்தான் நானும் ஒரு சம்பவத்தைப் பல வருஷமாக மனசுக்குள் புரட்டிக்கொண்டிருக்கிறேன். கிடைத்திருந்தால் முதலில் எனக்கே சொல்லிக்கொண்டிருப்பேன். கிடைக்காததை எழுதித் தருகிறேன், போடுவதும் போடாததும் அவர் விருப்பம்.

அப்பாவுக்கு மத்திய அரசில் குமாஸ்தா வேலை. சங்கரன்கோவிலிலிருந்து வந்து, கரோல் பாகில் இரண்டு அறை வாடகைக்குப் பிடித்து, அக்காவையும் என்னையும் வளர்த்தார். தமிழ்ப் பள்ளி, விலங்கியல் பட்டம், கல்யாணம். கணவருக்கு ஜெர்மனியில் ஓர் ஆலையில் வேலை கிடைத்தது; கூடவே போனேன். மொழி தெரியாது, குளிர் ஒத்துக்கொள்ளாது, பேச ஆள் கிடையாது. ஊரில் நடுத்தரமான ஒரு ஜூ இருந்தது. அங்கே போய்ப் போய் உட்கார்ந்திருந்தவளை ஒருநாள் காய் நறுக்கக் கூப்பிட்டார்கள். நறுக்கினேன், கழுவினேன், அவர்கள் மொழியில் படித்துச் சான்றிதழ் வாங்கினேன், கொரில்லா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். எழுதும்போது ஒரே மூச்சில் வந்துவிட்டது. வாழ்ந்தபோது அப்படியொன்றும் ஓடவில்லை.

எங்கள் தொழிலின் தலைவலியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கொரில்லாக் குடும்பத்தில் முதுகு நரைத்த பெரிய ஆண் ஒன்றுதான் இருக்கும். பெண்கள் மூன்று நான்கு, பிறகு குட்டிகள். ஆனால் பிறப்பதென்னவோ ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சரிபாதி. மீதி ஆண்கள் எங்கே போவது? எந்த ஜூவில் எந்த ஆண், யாருடைய பிள்ளை, எந்தக் குடும்பத்தில் இடம் காலி என்று ஐரோப்பா முழுக்கப் பார்த்துச் சொல்ல ஓர் ஒருங்கிணைப்பாளர் இருப்பார். அவர் சொல்கிற இடத்துக்கு நாங்கள் அனுப்புவோம். இடம் கிடைக்காத ஆண்களை மட்டும் ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கும் ஜூக்களும் உண்டு. அதைப் பிரம்மச்சாரிக் கூட்டம் என்போம்.

இதைக் கேட்டதும் அக்கா, “சம்பந்தம் பேசுத வேலைன்னு சொல்லு. சாதகப் பொருத்தமும் பாப்பியளோ?” என்றாள்.

“அதுவும் உண்டுக்கா. ஒரே ரத்தமா இருந்தா ஆகாது.”

“பொறவு என்ன, தரகர் வேலைதான். இதுக்காண்டியா அவ்வளவு தூரம் போன?”

என் தலைமைப் பராமரிப்பாளர் பெயர் ஹெல்கா. ஒல்லியாக, உயரமாக இருப்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கொரில்லா வீட்டுக்குள் அவர் நுழைவதே ஒரு சடங்கு. வெளிக்கதவில் நின்று பூட்ஸைத் தேய்ப்பார். பிறகு அடித்தொண்டையில் மெல்ல ஓர் உறுமல் கொடுப்பார். கொரில்லாக்கள் நிம்மதியாக இருக்கும்போது ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்கிற சத்தம் அது. உள்ளேயிருந்து பெரிய ஆண் பதில் கொடுத்தால்தான் அடுத்த அடி. பதில் வராவிட்டால் அங்கேயே நிற்பார், காய் வாளிகளோடு நாங்களும் பின்னால் நிற்போம். பூட்டுக்கும் ஒரு முறை இருந்தது. பூட்டியவர் இழுத்துப் பார்த்துவிட்டு “பூட்டியாச்சு” என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். இன்னொருவர் வந்து தானும் இழுத்துப் பார்த்து அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். இன்றும் கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு “மூடியாச்சு” என்கிறேன். கூட இருக்கும் அக்கா பதில் கொடுக்காவிட்டால் எரிச்சலாக வருகிறது.

ஏதாவது கேட்டால் ஹெல்கா கேட்டவரைப் பார்க்க மாட்டார், கொரில்லாவைப் பார்ப்பார். “பார்ப்போம்” என்பார். அதற்கு ஆகட்டும் என்று அர்த்தமா, ஆகாது என்று அர்த்தமா என்பது கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. ஒருமுறை கோபத்தில் கேட்டேவிட்டேன்.

“நேரா ஒரு பதில் சொன்னா என்ன?”

“தெரிஞ்சா சொல்ல மாட்டேனா, கோமதி?”

இதெல்லாம் ஜெர்மனில் பேசியவை. என் நினைவில் எல்லாரும் தமிழில்தான் பேசுகிறார்கள்.

துரை நான் கொரில்லா வீட்டுக்கு வந்த பிறகு பிறந்தவன். அவனுக்கு ஆப்பிரிக்கப் பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். எல்லாரும் சாப்பாட்டுக்கு அடித்துப் பிடித்து ஓடிவரும்போது இவன் மட்டும் துரை மாதிரி நிதானமாக வருவான். அதனால் நான் தமிழில் கூப்பிட்ட பெயரே நிலைத்துவிட்டது. ஜெர்மன்காரர்கள் வாயில் அது டூராய் ஆனது. எந்த மூலையில் இருந்தாலும் என் குரல் கேட்டால் திரும்புவான், எழுந்து வருவான். மற்றவர்கள் கூப்பிட்டாலும் வருவான்தான், மனசிருந்தால்.

அவனுக்குத் தோள் அகன்று உச்சந்தலை மேடாக எழும்பத் தொடங்கியதும் அப்பனுக்குப் பொறுக்கவில்லை. முதலில் முறைப்பு, பிறகு துரத்தல், கடைசியில் தோளில் ஒரு கடி. தையல் போட வேண்டியதாயிற்று. அப்பனைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் வீட்டு நடைமுறை அது. பிள்ளை வெளியேறுகிற வயசு வந்துவிட்டது.

ஒருங்கிணைப்பாளர் ஓர் இடம் சொன்னார். எல்லை தாண்டிப் பக்கத்து நாட்டில் ஒரு ஜூ. அங்கே பெரிய ஆண் இதயம் நின்று செத்துப்போயிருந்தது. மூன்று பெண்கள் மிச்சம். அதில் ஒருத்தி நெஞ்சோடு பால்குடிக் குட்டி. சிக்கல் அந்தக் குட்டிதான். புதிதாக வரும் ஆண், முந்தைய ஆணின் குட்டியைக் கொன்றுபோடுவது உண்டு. காட்டிலும் நடக்கிறது, ஜூவிலும் நடந்திருக்கிறது. வயசான ஆண் என்றால் பயம் அதிகம். துரை இளசு, தம்பி தங்கைகளை முதுகில் சுமந்து வளர்ந்தவன், பெண்கள் அதட்டினால் அடங்குவான் என்பது ஒருங்கிணைப்பாளரின் கணக்கு. குட்டி வளரும்வரை பொறுக்கலாமே என்று கேட்டேன். ஆணில்லாத அந்த வீட்டில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கடித்துக்கொள்ள ஆரம்பித்தாயிற்று, உங்கள் பையனுக்கும் தோளில் தையல் விழுந்தாயிற்று என்றார். இந்த இடத்தை விட்டால் துரைக்கு இன்னொரு குடும்பம் அமைவது குதிரைக் கொம்பு என்று எனக்கும் தெரியும்.

பயணக் கூண்டை அவன் நடைபாதையின் முனையில் பொருத்தினோம். உள்ளே போய் உட்கார, திராட்சை வாங்கித் தின்ன, எனக்கு முதுகைக் காட்ட, கதவு பாதி இறங்கி ஏறினாலும் பதறாமல் இருக்க என்று மாதக்கணக்கில் பழக்கினேன். இதிலும் ஹெல்காவுக்கு ஒரு சட்டம் உண்டு. கூண்டுக்குப் பழக்கியவர் அனுப்பும் நாளில் கதவை இறக்கக் கூடாது. “ஏமாத்தினது யாருன்னு அவன் யோசிச்சா, அது நீயா இருக்கக் கூடாது. போற இடத்துல அவனுக்குத் தெரிஞ்ச ஒரே முகம் நீதான்” என்பார். பழக்கத்தின்போது தினமும் வாசலில் நின்று யோசிக்கிறவன், அன்றைக்கு யோசிக்கவே இல்லை. நேராகப் போய் உட்கார்ந்தான். ஹெல்கா கதவை இறக்கினார். துரை அவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கையிலிருந்த திராட்சையைத் தின்று முடித்தான். பசி என்றார் எங்கள் ஜூவின் டாக்டர். எனக்கு அது பசியாகத் தெரியவில்லை.

லாரியில் கூடவே போனேன். அந்த ஜூவில் பொறுப்பு பீட்டர் என்பவரிடம். என்னைவிட இளையவர், எதற்கும் பதறாதவர். துரைக்குத் தனி அறை, பக்கத்தில் பெண்களின் கூடம், நடுவில் கம்பிவலை. முதலில் வலை வழியாகப் பார்க்கட்டும், முகரட்டும், விரல் நீட்டித் தொடட்டும், பிறகு கதவைத் திறப்போம் என்பது வழக்கமான ஒழுங்கு. துரையோ பெண்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் நிற்கிற பக்கமே உட்கார்ந்திருந்தான். கிழவி ஒருத்தி இருந்தாள், அந்தக் குடும்பத்தின் பெரியவள். அவள் வலையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு அலுத்துப் போய்விட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்?

ஹெல்காவுக்குப் போன் செய்து புலம்பினேன்.

“நீ காபி குடிக்கப் போறப்போ அவன் என்ன பண்றான்?” என்று கேட்டார்.

“எனக்கெப்படித் தெரியும்? நான் காபி குடிச்சிட்டிருப்பேனே.”

பீட்டரிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். “நீங்க போனதும் வலைகிட்ட வந்து படுத்துக்கறான். கிழவி அவன் முடியக்கூடத் தொட்டுப் பார்த்தா. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு…” என்றார்.

ஆக, இடைஞ்சல் நான்தான். அப்படியென்றால் கிளம்பிவிட வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் முடிச்சு விழுந்தது. நான் இருந்தால் அவன் அந்தக் குடும்பத்தில் ஒட்ட மாட்டான். நான் இல்லாவிட்டால், கதவு திறந்த பிறகு அவன் குட்டியின் மேல் பாய்ந்தால், அவனைக் கூப்பிட்டு நிறுத்த அங்கே ஆள் கிடையாது. பீட்டரின் குரல் அவனுக்கு இன்னும் யாரோ ஒருவருடைய குரல். இரண்டு பேச்சும் நியாயம், இரண்டும் ஒன்றாக நடக்காது. ஹெல்காவிடம் என்ன செய்யட்டும் என்றேன். போனில்கூட அவர் எங்கேயோ பார்ப்பது எனக்குத் தெரிந்தது. “பார்ப்போம்” என்றார்.

கடைசியில் பீட்டர் ஓர் ஏற்பாடு சொன்னார். நான் ஊருக்குப் போய்விட்ட மாதிரி சில நாள் அவன் கண்ணில் படக் கூடாது. கதவு திறக்கிற அன்று கூடத்துக்கு வெளியே சுவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். தண்ணீர்க் குழாய் போகிற துவாரம் ஒன்று இருந்தது; அதன் வழியே எதிர்ப் பக்க மேடையில் நிற்கும் பீட்டர் தெரிவார், கூடத்திலும் ஒரு கீற்றுத் தெரியும். அவர் கையைத் தூக்கினால் நான் கூப்பிட வேண்டும். தூக்காவிட்டால் மூச்சு விடக் கூடாது. எதற்கும் இருக்கட்டும் என்று தண்ணீர் பீய்ச்சும் குழாய்களோடு இரண்டு பேர் நின்றார்கள். துரையின் அறைக்குப் போகும் பின்வாசலைத் திறந்தே வைத்தார்கள். புதிதாக வருகிறவன் அடி வாங்கினால் ஓடி ஒளிய ஒரு வாசல் எப்போதும் திறந்திருக்க வேண்டும். எங்கள் தொழிலில் அதை மறக்கிறவர் கிடையாது.

காலையில் நடுக்கதவைத் திறந்தார்கள். துரை நிதானமாகத்தான் உள்ளே வந்தான். கிழவி கிட்டே வந்து உரக்க அதட்டினாள். இவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு உயிர் வந்தது. பிறகு மூவரில் இளையவள் பின்னாலிருந்து வந்து ஓங்கி ஒன்று வைத்தாள். துரை அலறிக்கொண்டு ஓடினான். துவாரத்தில் அவன் தெரிந்தான், மறைந்தான். அவன் ஓடிய பக்கம் குட்டிக்காரி குட்டியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பீட்டரின் கை மேலே போனது.

“துரை! வா!”

நின்றுவிட்டான். ஓடிய ஓட்டத்தில் அப்படியே நின்று, என் குரல் வந்த சுவரைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தை முழுசாகப் பார்த்தேன். அந்த நேரத்தில் கிழவியும் இளையவளும் சேர்ந்து பின்னாலிருந்து அவன்மேல் விழுந்தார்கள். காலிலும் இடுப்பிலும் சதை பிய்ந்தது. தண்ணீர் அடித்துப் பிரித்து, காலை இழுத்துக்கொண்டு வந்த அவனை அறைக்குள் விட்டுக் கதவை மூடினார்கள். “பூட்டியாச்சு” என்று ஒருவர் சொல்ல இன்னொருவர் திருப்பிச் சொன்னது கேட்டது. குட்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

பீட்டர் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். “குழந்தையக் காப்பாத்திட்டீங்க” என்றார். மற்றவர்களும் கையைக் குலுக்கினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், பதிவான வீடியோவைப் பார்க்கும்வரை.

வீடியோ மேலேயிருந்து எடுத்தது, கூடம் முழுக்கத் தெரிகிறது. துரை ஓடுகிற பாதையில் நேராகக் குட்டிக்காரி இருக்கிறாள். அதே பாதையில், அவளுக்குப் பின்னால், திறந்து வைத்த வாசல் இருக்கிறது. அவன் ஓடி ஒளிவதற்கென்று நாங்கள் வைத்த வாசல். என்றைக்கும் எதிர் மூலையில் ஒடுங்குகிறவள், அன்று அந்த வாசலை ஒட்டிப் போய் உட்கார்ந்திருக்கிறாள். குட்டியின் மேல் பாயப் போனானா, உயிருக்குத் தப்பி வாசலுக்குப் போனானா? குட்டியைத்தான் பார்த்தான் என்றார் பீட்டர். எனக்கு அவன் கண் வாசலில் இருப்பதாகத் தெரிந்தது. இரண்டாம் முறை பார்த்தபோது எனக்கும் குட்டியில் இருப்பதாகத் தெரிந்தது. இந்தக் கோணத்தில் கண்ணைச் சொல்ல முடியாது என்றார் அந்த ஜூவின் டாக்டர். ஊருக்குத் திரும்பியதும் ஹெல்காவிடம் போட்டுக் காட்டினேன். திரும்பத் திரும்பப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்து, “தெரியல” என்றார். அதற்குப் பதில் அவர் வழக்கமான “பார்ப்போம்” என்பதையே சொல்லியிருக்கலாம்.

பாயப் போனான் என்றால் நான் ஓர் உயிரைக் காப்பாற்றியவள். தப்பப் போனான் என்றால், அவனை நடுவழியில் நிறுத்திக் கடி வாங்க வைத்தவள் நான். புண் ஆறிய பிறகும் அவன் அந்தக் கூடத்தில் கால் வைக்கவில்லை. அவனைக் கண்டாலே பெண்கள் கத்தினார்கள். கொஞ்ச காலம் பார்த்துவிட்டு ஒருங்கிணைப்பாளர் அவனைத் தொலைதூரத்தில் ஒரு பிரம்மச்சாரிக் கூட்டத்துக்கு அனுப்பிவிட்டார். அவனுக்குக் குடும்பம் என்று ஒன்று அமையவே இல்லை.

பிறகும் எத்தனையோ கொரில்லாக்களை அனுப்பினேன், வரவேற்றேன். நல்லபடியாக முடிந்தவைதான் அதிகம். அவற்றை எழுதினால் ஆசிரியர் மகிழ்ந்து போவார். எனக்கென்னவோ அவையெல்லாம் யாரோ செய்த வேலை மாதிரி நினைவில் இருக்கின்றன.

கணவர் காலமான பிறகு, ஓய்வு பெற்று டெல்லிக்குக் கிளம்புமுன், அந்தப் பிரம்மச்சாரிக் கூட்டத்தைப் பார்க்கப் போனேன். ரயில், பஸ் என்று மாறி மாறிப் போக வேண்டிய ஊர். யாரென்று சொல்லாமல் டிக்கெட் வாங்கிக்கொண்டு வேலியோரம் நின்றேன். துரையின் முதுகு வெள்ளியாகிவிட்டிருந்தது. காலை இழுத்துக்கொண்டுதான் நடந்தான். பக்கத்திலேயே இன்னும் நரை விழாத வாலிபன் ஒருவன், துரையின் இடுப்பில் தலையைச் சாய்த்துப் படுத்திருந்தான். அங்கு வேலை செய்யும் பெண்ணிடம் அது யார் என்று விசாரித்தேன். அவள் ஊரைச் சொன்னாள். பீட்டரின் ஜூ.

“பிறந்த கொஞ்ச நாள்லயே அப்பா செத்துப்போச்சாம். அப்புறமா வந்த பெரிய ஆண் இவனை விரட்டிடுச்சு. இங்க வந்தன்னிக்கு மத்தவங்க எல்லாரும் முறைச்சாங்க. அந்தக் கிழவன் மட்டும் இவனைப் பக்கத்துல படுக்க விட்டான். ஏன்னு எங்களுக்குப் புரியல” என்றாள்.

அதே குட்டி. தாயின் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்ததால் அது ஆணா பெண்ணா என்று அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியாது. ஆண். மிஞ்சிப்போன ஆண்களில் இன்னொன்று. வேலியோரம் ரொம்ப நேரம் நின்றுவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.

டெல்லிக்கு வந்த புதிதில் அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவரைக்காய் ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

“அப்பம் அவன் கொல்லப் போகலைன்னு தெரிஞ்சு போச்சுலா?”

“அப்படிச் சொல்ல முடியாதுக்கா. அன்னைக்கு அவன் வேற, இன்னைக்கு வேற.”

“சரி, அப்பம் கொல்லத்தான் போனானா?”

“அதுவும் தெரியல.”

“என்னட்டி இது, எத கேட்டாலும் தெரியலன்னு சொல்லுத?” அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. காயை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “நா ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இம்புட்டும் தெரிஞ்ச பொறவு, அந்த மனுசன் பீட்டரு இன்னொருக்கக் கையத் தூக்குனா என்ன செய்வ?”

“கூப்பிடுவேன்” என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது. வாயிலிருந்து அது வந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.